செவலையின் கயிறு

பியாட்றிஸ் ரீச்சர் கார் வாங்கப் போகிறாளாம் என்ற கதை தெல்லிப்பழையில் பரவியபோது நம்பினவர்களைவிடச் சிரித்தவர்கள்தான் அதிகம். ஐம்பது வயது கழிந்த பொம்பிளை, வகுப்பில் பிள்ளைகளை அதட்டுகிற அதே முகத்தோடு எல் போட் கட்டின காரில் ஊரைச் சுற்றினதே அவர்களுக்குப் பெரிய புதினம். முதல் சோதனையில் பின்னுக்கு எடுக்கும்போது கம்பை விழுத்திவிட்டாள். அதற்கு அடுத்த சோதனையில் லைசன்ஸை வாங்கிக்கொண்டு வந்து, சிரித்தவர்களின் வீட்டு வாசலாலேயே நடந்து போனாள். அவள் அப்படித்தான். ஒன்றை நினைத்தாளென்றால் விடமாட்டாள்.

இது இன்று நேற்று வந்த ஆசையல்ல. பெற்றோல் கண்ணிலும் காணக் கிடைக்காத தொண்ணூறுகளில் கலியாணம் முடித்தவள் அவள். வெள்ளைச் சேலையும் தலையில் நெற் முக்காடுமாக, தகப்பனின் சைக்கிள் கரியரில் குந்திக்கொண்டு சேர்ச்சுக்குப் போனாள். பாதி வழியில் சேலைக் கரை செயினுக்குள் அகப்பட்டு, கிறீஸ் கறுப்பாகப் பூசிவிட்டது. கலியாணப் படத்தில் பூச்செண்டை ஏன் இவ்வளவு பதித்துப் பிடித்திருக்கிறாய் என்று இன்றைக்கும் ஆட்கள் கேட்பார்கள். அந்தக் கறையை மறைக்கத்தான். மகள் நிஷானி பிறந்த கிழமையே அவள் சொல்லிவிட்டாள், இவள் சொந்தக் காரில்தான் சேர்ச்சுக்குப் போவாள் என்று. நிஷானிக்கு ஆடியில் கலியாணம் என்று முடிவானதும், அந்தச் சொல் எழும்பி நின்றுகொண்டது.

கணவர் துரைராஜா தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் முதலில் பயந்து பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை.

"இஞ்சருமப்பா, உமக்கென்ன விசரே? லெனாட்டின்ரை கலியாணக் கார் கிடக்கு. ஏசி கிடக்கு, ரைவர் கிடக்கு. அரை நாளைக்கு வாடகைக்குப் பிடிச்சாக் காணும்."

"வாடகைக்குப் பிடிக்கிறதுக்கு நான் ஏன் லைசன்ஸ் எடுத்தனான்?"

"அது சரி. கார் ஓடேக்கை இடையிலை நிண்டா?"

"நிண்டா நிக்கட்டும். எங்கடை கார்தானே நிக்குது."



புத்தூரில் ஒரு வெங்காயத் தோட்டக்காரர் வீட்டில் கார் ஒன்று விற்கக் கிடக்கிறதென்று கெல்வின்தான் வந்து சொன்னான். சுன்னாகத்தில் கார் திருத்துகிற கறாச் வைத்திருப்பவன். மூன்றாம் வகுப்பில் பியாட்றிஸிடம் படித்தவன், அதனால் அவளுக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் அடக்கமாகப் பொய் சொல்வான்.

மூவரும் ஓட்டோவில் போனார்கள். செம்மண் வளவு. முற்றம் முழுக்க வெங்காயம் பரவிக் கிடந்தது. நடுவில் நல்லம்மா குந்தியிருந்து பிடி பிடியாகக் கட்டிக்கொண்டிருந்தாள். அவளுடைய மனிசன் தியாகராசா தோட்டத்தால் வந்து, கிணற்றடியில் காலைக் கழுவிவிட்டு, அவர்களைக் கொட்டிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு பக்கம் இரண்டு பசு. மற்றப் பக்கம் கார். செங்கல் நிறத்தில் பழைய யப்பான் கார். பசுக்களைப்போலவே அதுவும் படலையைப் பார்த்துக்கொண்டு நின்றது.

"பேர் செவலை," என்றாள் பின்னால் வந்த நல்லம்மா. "நான்தான் வைச்சனான். எத்தினை வருசமா எங்கடை வெங்காயத்தைச் சந்தைக்குக் காவினவள். என்ரை சாருஜாவைப் பெறுறதுக்கும் இவளிலைதான் ஆசுப்பத்திரிக்குப் போனனான். வெள்ளிக்கிழமையிலை மாட்டுக்குக் காட்டுற சாம்பிராணியை இவளுக்கும் காட்டுவன்."

"அப்ப ஏனக்கா விக்கிறியள்?"

"மோன் வாகீசன் கனடாவிலை நிண்டு ஒரே கரைச்சல். பட்டா வாங்கிப்போட்டான்." பட்டா என்றால் சின்ன லொறி. படலைக்கு வெளியே பளபளவென்று நின்றது. நல்லம்மா அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை.

கெல்வின் காருக்குக் கீழே படுத்தான். தட்டினான். காந்தக் கட்டி ஒன்றைப் பொக்கற்றிலிருந்து எடுத்து, தகரம் உண்மையான தகரமோ, பூசி மெழுகினதோ என்று கதவு கதவாக ஒட்டிப் பார்த்தான். எழும்பும்போது முதுகெல்லாம் வெங்காயச் சருகு.

"இஞ்சின் கல்லு, ரீச்சர். கீழை தகரத்திலை கொஞ்சம் கறள் இருக்கு. கறளுக்கு என்னட்டை மருந்து இருக்கு."

"உன்னட்டை எதுக்குத்தான் மருந்தில்லை?" என்றார் துரைராஜா.

விலைக் கதை முடிந்தது. தியாகராசா மேலுக்குச் சேட் ஒன்றைப் போட்டுக்கொண்டு வந்து, வெற்றிலைத் தட்டத்தில் வைத்துத் திறப்பை, காரின் சாவியை, நீட்டினார். புத்தம்புதுத் திறப்பு, வெள்ளிக்காசு மாதிரி மினுங்கியது. பியாட்றிஸுக்கு மனம் குளிர்ந்துவிட்டது.

"பாத்தியளே அப்பா, எங்களுக்கெண்டு புதுத் திறப்பு வெட்டி வைச்சிருக்கினம். எவ்வளவு மரியாதையான சனம்!"

தியாகராசா நல்லம்மாவைப் பார்த்தார். நல்லம்மா தலையைக் குனிந்து வெங்காயம் கட்டத் தொடங்கினாள். பிரிகிற கவலை என்று பியாட்றிஸ் நினைத்தாள். கார் படலையைத் தாண்டும்போது நல்லம்மா கிணற்றுப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அந்தக் கவலைதான் என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு செவலை பியாட்றிஸ் வீட்டில் நின்ற நேரத்தைவிடக் கெல்வினின் கறாச்சில் நின்ற நேரம் கூட. றேடியேற்றர் ஒழுகியது. அதை ஒட்ட, பிறேக் பிடிக்கவில்லை. பிறேக்கைப் பார்க்க, சைலன்சர் கழன்று கையோடு வந்தது. கறாச்சுக்குப் போன காசைச் சொன்னால் துரைராஜாவுக்கு இன்றைக்கும் நெஞ்சு அடைக்கும், விடுவோம். ஒவ்வொரு முறையும் கெல்வின், "இனிப் பிரச்சினையில்லை ரீச்சர், இனிப் பேரப்பிள்ளையளும் ஓடலாம்," என்று சொல்லித்தான் அனுப்புவான். அடுத்த கிழமை பியாட்றிஸ் திரும்பவும் போவாள், கோபத்தோடு அல்ல, மகளைப் பள்ளிக்கூடத்தால் கூட்டிவரப் போகிறவள் மாதிரி.

சரிக்கட்ட முடியாமல் போனவை இரண்டு. ஒன்று, வெங்காய மணம். தேசிக்காய்த் தோல் வைத்துப் பார்த்தாள். கோப்பித் தூள் வைத்துப் பார்த்தாள். கடைசியில் ஓடிக்கொலோன் போத்தலையே சீற்றில் கவிழ்த்தாள். இரண்டு மணமும் சண்டை பிடித்து, வெங்காயம் வென்றது. மற்றது, திறப்பு. போட்டவுடன் திரும்பாது. கொஞ்சம் வெளியே இழுத்து, இடப்பக்கம் சரித்து, மூச்சைப் பிடித்துத் திருப்பவேண்டும். "பழம் பூட்டெண்டா அப்பிடித்தான் ரீச்சர்," என்று கெல்வின் எண்ணெய் விட்டான். எண்ணெய்க்கும் காசு வாங்கினான்.

ஆனால் ஓடும்போது! காங்கேசன்துறை வீதியில் கண்ணாடியை இறக்கிவிட்டு, கச்சான் காற்று முகத்தில் அடிக்க, மூன்றாம் கியரில் பியாட்றிஸ் போகிற அழகைப் பார்க்கவேண்டும். பக்கத்தில் துரைராஜா, பிறேக் இல்லாத வெறுந்தரையைக் காலால் உழக்கி உழக்கி, "மெதுவா, மெதுவா, பஸ் வருது," என்பார். அது வருவது எங்கேயோ தூரத்தில். பியாட்றிஸ் ஹோனை ஒரு தட்டுத் தட்டுவாள். இவ்வளவு சந்தோசம் ஒரு தகரப் பெட்டிக்குள் இருக்குமென்று அவள் நினைத்ததேயில்லை. பள்ளிக்கூடம் விட்டும் நேரே வீட்டுக்கு வராமல் மாவிட்டபுரம் மட்டும் போய்த் திரும்பி வந்த நாட்கள் உண்டு. கேட்டால், "இஞ்சின் சூடாக வேணுமாம், கெல்வின் சொன்னவன்," என்பாள்.

கலியாண நாள் வந்தது. ஆடி மாதத்தில் சைவக்காரர் கலியாணம் வைப்பதில்லை, அதனால் ஹோல் லேசாகக் கிடைத்தது. வீடு நிறையச் சனம். குசினியில் பற்றிஸ் பொரிகிற மணம், முற்றத்தில் கதிரைகள் இழுபடுகிற சத்தம். செவலையைக் கழுவித் துடைத்து, வெள்ளை றிபன் கட்டி, மூக்கில் அந்தூரியம் குத்தியிருந்தார்கள். சொந்தக்காரரின் பிள்ளைகள் மாறி மாறி ஏறியிருந்து, ஸ்ரியறிங்கைப் பிடித்து முறுக்கி முறுக்கிப் படம் எடுத்தார்கள். பியாட்றிஸ் அவர்களைக் கலைக்கவில்லை. அன்றைக்கு அவளுக்கு யாரையும் கலைக்க மனமில்லை.

நிஷானி வெளியே வந்தபோது சனம் வழிவிட்டு விலகியது. வெள்ளைச் சேலை, தோளால் வழிகிற நெற். தாய்க்குக் கண் நிறைந்தது. நிறைந்த கண்ணோடு கார் ஓடக்கூடாது என்று துடைத்துக்கொண்டு, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஏறினாள். மகளைப் பின் சீற்றில் இருத்தி, நெற்றை ஒதுக்கி, கதவைப் பார்த்துப் பார்த்துச் சாத்தினார்கள். பியாட்றிஸ் திறப்பைப் போட்டாள். கொஞ்சம் வெளியே இழுத்தாள். இடப்பக்கம் சரித்தாள். மூச்சைப் பிடித்தாள்.

திரும்பவில்லை.

ஸ்ரியறிங்கும் அசையவில்லை. பிள்ளைகள் முறுக்கின முறுக்கில் இறுகிப் பூட்டிக்கொண்டுவிட்டது. திரும்பவும் போட்டாள், எடுத்தாள், போட்டாள். பட்டுச் சட்டை முதுகோடு ஒட்டியது. அதற்குள் கலியாணத்துக்கென்று கோட்டும் சூட்டுமாக வந்திருந்த கெல்வின் ஓடிவந்து, சேலைத் தலைப்பில் கை படாமல் உள்ளே குனிந்து, திறப்பைப் பிடுங்கி வெயிலில் பிடித்தான்.

"ரீச்சர்! இது வெட்டின திறப்பு. ஒறிஜினல் இல்லை."

"உதை இப்பவே சொல்லுறாய்? மூண்டு மாசமா உன்ரை கையிலைதானே கிடந்தது!"

"அப்ப நான் இஞ்சினையெல்லே பாத்தனான்."

"ஏதாவது செய்யடா."

"உது தேஞ்ச பூட்டு. அதோடை சேந்து தேஞ்ச பழந்திறப்பு வந்தாத்தான் இப்ப அசையும். உடைச்சு எடுக்கிறதெண்டா நாளைக்குத்தான்."

பியாட்றிஸ் திரும்பினாள். துரைராஜா மதிலோரம் நின்று மெதுவாக ஃபோனில் கதைத்துக்கொண்டிருந்தார்.

"ஆரோடை கதைக்கிறியள்?"

"லெனாட்டோடை." அவர் முகத்தைத் துடைத்தார். "கோவியாதையும். ஒரு பாதுகாப்புக்கு எண்டு போன கிழமையே சொல்லி வைச்சனான். மானிப்பாயிலை நிக்கிறான். இப்ப வெளிக்கிட்டிட்டான்."

அது அவளைச் சுட்டது. போன கிழமையே! தன் கார் நிற்கும் என்று இவர் போன கிழமையே தீர்மானித்துவிட்டார். சத்தம் போட நினைத்தாள். ஆனால் சேர்ச்சில் போதகரும் மாப்பிள்ளையும் காத்து நிற்பார்கள். பின் சீற்றுப் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை," என்றாள் மகளிடம், "லெனாட் வந்தா அதிலை போ. உன்ரை நாளைப் பிழைக்க விடேலாது."

"வரட்டும். வருமட்டும் நான் இறங்கமாட்டன்," என்றாள் நிஷானி. "நீங்கள் புத்தூருக்கு எடுத்துக் கேளுங்கோ அம்மா. பழந்திறப்பு அங்கைதானே இருக்கும்?"

பியாட்றிஸ் ஃபோன் எடுத்தாள். முற்றத்துச் சனம் முழுக்கக் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டிவிட்டான் கெல்வின்.

"அண்ணை, செவலையின்ரை பழந்திறப்பு உங்களிட்டையோ?"

அந்தப் பக்கம் பசு கத்துகிற சத்தமும் சேர்ந்து கேட்டது.

"ஓம் ரீச்சர். கொட்டிலிலை கயிறுகளோடை தொங்குது."

"அதேன் தராமல் விட்டனியள்?"

"மாடு வித்தா கயிறு குடுக்கிறேல்லைத்தானே ரீச்சர். கயிறு போனா வீட்டிலை பட்டி தங்காது. காருக்குக் கயிறு எது எண்டு யோசிச்சம். இவள்தான் சொன்னாள், திறப்புத்தான் கயிறு எண்டு. அதுதான் வேறை வெட்டித் தந்தனாங்கள். பிழையா நினையாதேங்கோ."

முற்றம் வாயைப் பிளந்தது. பிறகு யாரோ சிரிக்க, எல்லோரும் சிரித்தார்கள். பியாட்றிஸுக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது, ஏறின வழியாலேயே இறங்கியும் விட்டது. அவளைச் சைக்கிளில் ஏற்றிப்போன ஐயா ஒரு ஞாயிறும் சேர்ச் தவறாதவர், வேதப் புத்தகம் வாசிக்காமல் படுக்காதவர். அவரும் பசு விற்றபோது கயிற்றை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டுதான் பசுவை விட்டார். அதை அவள் கண்ணால் கண்டவள்.

"அண்ணை, என்ரை பிள்ளை மணவறைக் கோலத்திலை காருக்குள்ளை இருக்கிறாள். கெதியா வாங்கோ."

"இந்தா வெளிக்கிட்டிட்டம்!"

இனிக் காத்திருக்கிற வேலை. வெக்கை கொளுத்தியது. கச்சான் காற்று வளவுக்குள் புகுந்து, நிஷானியின் நெற்றை யன்னலால் வெளியே இழுத்தது. இரண்டு பெண்கள் ஆளுக்கொரு பக்கம் விசிறினார்கள். ஒருத்தி பற்றிஸ் ஒன்றைப் பிட்டு, உதட்டுச் சாயம் படாமல் மணமகளின் வாய்க்குள் வைத்தாள். தன் பிழையை ஈடுசெய்ய நினைத்தாரோ என்னவோ, துரைராஜா டிக்கியைத் திறந்து, உள்ளே கிடந்த தடித்த கயிற்றை இழுத்து வந்தார்.

"கெல்வின், ஓட்டோவிலை கட்டி இழுத்துப் பாப்பமே?"

"இழுக்கலாம் மாமா. ஸ்ரியறிங் பூட்டிக் கிடக்கு. நேரை மதிலுக்குள்ளைதான் போகும்."

துரைராஜா கயிற்றை நிலத்தில் போட்டார். சந்தியில் ஹோன் சத்தம் கேட்டது. வந்தது லெனாட். நீளமான வெள்ளைக் கார், கறுத்தக் கண்ணாடி, முன்னுக்கு இரண்டு பொம்மை. வந்து படலையை அடைத்துக்கொண்டு நின்றது. இதுதான் முடிவென்றால் இதுதான். தானே போய்ப் பின் கதவைத் திறந்து, மகளுக்குக் கையை நீட்டினாள். நிஷானி தாயின் முகத்தைப் பார்த்தாள். ஒரு காலை வெளியே வைத்தாள்.

அப்போதுதான் வெள்ளைக் காருக்கும் மதிலுக்கும் இடையால் ஒரு மோட்டச்சைக்கிள் நெளிந்து உள்ளே வந்தது. உடுத்த சாரத்தில் செம்மண்ணோடு தியாகராசா. பின்னால் ஒரு கையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு நல்லம்மா.

"வந்திட்டினம்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். நிஷானி காலை உள்ளே இழுத்துக்கொண்டாள்.

நல்லம்மா இறங்கி நேரே வந்தாள். மணமகளைப் பார்த்தாள், செவலையின் மூக்கில் பூவைப் பார்த்தாள், கண் கலங்கிவிட்டது. ஆனால் பொத்தின கை திறக்கவில்லை.

"கோவியாதேங்கோ ரீச்சர். தரத்தான் வந்தனான். கைதான் விரியுதில்லை. இவள் போன நாளிலை இருந்து எங்களுக்கு ஒண்டும் சரியில்லை. அடுத்த கிழமையே பட்டாவை இவர் மதகிலை கொண்டுபோய் அடிச்சார். தண்ணி இறைக்கிற மோட்டர் எரிஞ்சு போச்சு. சின்னப் பசு பால் மறந்திட்டுது. திறப்பைக் கொட்டிலிலை வைச்சிருந்தும் இப்பிடி. இனி இதையும் தந்தா என்ன நடக்குமோ?"

துரைராஜா மணிக்கூட்டைப் பார்த்தார். லெனாட் ஹோனை அடித்தான். பியாட்றிஸ் நல்லம்மாவின் கையைப் பிடித்தாள். பலவந்தமாகப் பிடுங்கலாம், சனமும் அதைத்தான் எதிர்பார்த்தது. ஆனால் அப்படி வாங்கின திறப்பில் மகளை ஏற்றிக்கொண்டு போக அவளுக்கு மனம் வரவில்லை. பார்வையைத் தாழ்த்தினாள். காலடியில் பாம்பு மாதிரிக் கிடந்தது டிக்கிக் கயிறு.

"நல்லம்மாக்கா, உது ஆற்றை கயிறு?"

நல்லம்மா குனிந்து பார்த்தாள். தியாகராசாவும் பார்த்தார்.

"உது... எங்கடை கயிறெல்லே," என்றார் அவர். "மாரிக்குச் செவலை சேத்துக்குள்ளை தாண்டா, கட்டி இழுக்கிறது. டிக்கிக்குள்ளை விட்டிட்டம் போலை."

"அப்ப செவலைக்குக் கயிறு இருந்திருக்கு!" பியாட்றிஸின் குரல் உயர்ந்தது. "கயிற்றை என்னட்டைத் தந்துபோட்டு, திறப்பையெல்லே அங்கை கட்டித் தூக்கியிருக்கிறியள்!"

நல்லம்மா இரண்டு கையையும் தலையில் வைத்தாள்.

"ஐயோ, கயிற்றைக் குடுத்திட்டமே! இஞ்சருங்கோ, கயிற்றோடை குடுத்திட்டம்! அதுதான் மதகு! அதுதான் பால்!"

ஒரே பாய்ச்சலில் குனிந்து கயிற்றை அள்ளி நெஞ்சோடு அணைத்தாள். திறப்பு பியாட்றிஸின் கையில் இருந்தது. எப்போது வந்தது என்று இருவருக்குமே தெரியவில்லை.

பழந்திறப்பு. பல்லெல்லாம் தேய்ந்து, புளியங்கொட்டை மாதிரி வழுவழுத்துப் போயிருந்தது. பியாட்றிஸ் ஏறியிருந்து போட்டாள். ஸ்ரியறிங்கை லேசாக ஆட்டினாள். 'ணக்' என்றது. இழுக்கவும் இல்லை, சரிக்கவும் இல்லை, மூச்சைப் பிடிக்கவும் இல்லை. இஞ்சின் சீறிக்கொண்டு எழும்பியது. வளவு முழுக்கக் கை தட்டியது. கெல்வின் கோட்டோடு துள்ளினான்.

"நான் சொன்னனான் இஞ்சின் கல்லு எண்டு!"

"லெனாட், பின்னுக்கு எடு!" என்று கத்தினது யாரென்று பார்த்தால், துரைராஜா. படலைக்கு ஓடி, கையைக் காட்டிக் காட்டி, தான் சொல்லி வைத்த காரைத் தானே கலைத்தார். பிறகு ஓடிவந்து முன் சீற்றில் ஏறினார். மனைவியைப் பார்க்கவில்லை. நேரே றோட்டைப் பார்த்துக்கொண்டு, "எடும்," என்றார்.

பியாட்றிஸ் யன்னலால் தலையை நீட்டினாள். "அக்கா, அண்ணை, பின்னாலை வாங்கோ. சேர்ச்சுக்கு."

"இந்தக் கோலத்தோடையோ?"

"செவலையின்ரை ஆக்கள் வராமல் ஆர் வாறது?"

கார் படலையைத் தாண்டியது. பக்கக் கண்ணாடியில் மோட்டச்சைக்கிள் தெரிந்தது. நல்லம்மா தோளில் கயிற்று வளையத்தோடு, முகத்தைப் பனைகளின் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள். விற்ற மாடு போகிறபோது பார்க்கக்கூடாது.

"அம்மா, வெங்காயம் மணக்குது," என்றாள் பின்னாலிருந்து நிஷானி. சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். பியாட்றிஸும் சிரித்தாள். துரைராஜாவும் சிரித்தார். பஸ் ஒன்று எதிரே வந்து போனது, அவருடைய கால் தரையை உழக்கவில்லை. சேர்ச் வாசல் தெரிந்ததும் பியாட்றிஸ் ஹோனில் வைத்த கையை எடுக்கவில்லை. உள்ளே ஓகன் வாசித்தவர் வாசிப்பை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாராம்.

படம் இப்போது வீட்டுச் சுவரில் தொங்குகிறது. நிஷானி பூச்செண்டைச் சும்மா கையைத் தொங்கவிட்டுப் பிடித்திருக்கிறாள். சேலையில் ஒரு பொட்டு அழுக்கில்லை. பின்னால் செவலை. ஓரத்தில் தோளில் தடித்த கயிற்றோடு ஒரு மனிசி நிற்கிறாள். எவ்வளவு கேட்டும் அதை இறக்கி வைக்க மாட்டேன் என்றவள். வருகிறவர்கள் எல்லாரும் மாப்பிள்ளையை விட்டுவிட்டு, உது ஆர் ரீச்சர் என்று அவளைப் பற்றித்தான் கேட்பார்கள்.

"உவவோ?" என்பாள் பியாட்றிஸ். "எங்கடை காரை வளர்த்தவா."